மூழ்கும் முடி

தாமுவே சந்திக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில்
நாலு நாற்காலி மட்டும் கொள்ளும் கடை.
நோ எ வா என் தலையைத் தொட்டாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
கேட்காமலே ஒரு முடியைப் பிடுங்கி
தம்ளர் தண்ணீரில் விட்டாள்.
"பொறு" என்றாள். பொறுத்தேன்.

பயின்னவுங் சந்தையில்
உளுந்துக்குக் கணக்கு எழுதுகிறவள் நான்.
சாம்பிள் வந்தால் எங்களுக்கும் தம்ளர்தான்.
மிதப்பது சொத்தை, ஊதித் தள்ளிவிடுவோம்.
மூழ்குவதற்கே விலை.
அதனால் என் முடி
மெல்லத் தலை குனிந்து, நடுத்தண்ணீரைத் தாண்டி
அடியில் போய்ப் படுத்தபோது
எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் உச்சுக்கொட்டினாள்.
நல்ல முடி மிதக்குமாம்.
இதன் செதிலெல்லாம் திறந்து கிடக்கிறதாம்,
கதவு கழன்ற வீடு மாதிரி
எந்தத் தண்ணீர் வந்தாலும் உள்ளே விடுகிறதாம்.

பிறகு விசாரணை. என்னென்ன போட்டாய்?

தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம் பிளீச்,
தேன் நிறம், பத்து நாள் அழகு.
வைக்கோல் ஆனதும் தாய்லாந்து டப்பா,
அழுகின முட்டை மணக்கும் புரோட்டீன்.
வைக்கோல் குச்சியானதும்
அதையே இன்னும் இரண்டு கரண்டி கூட்டி.
கொரியாக் குப்பி பன்னிரண்டு.
கடைசியாக வேறொரு கடையில் கெரட்டின்:
பாதித் தலை நேரானதும் கரண்ட் போனது.
மீதிப் பாதி அலையோடு
நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்,
தெரு முழுக்க ஜெனரேட்டர்கள் இருமிக்கொண்டிருக்க.

ஈரமான ஒரு முடியை
இரு விரல்களுக்கு நடுவில் இழுத்தாள்.
நீளவில்லை. பட்டென்று அறுந்தது.
"இது பசி இல்லை, தாகம்.
தாகத்துக்கு எட்டு மாதமாய்ச் சோறு ஊட்டியிருக்கிறாய்."
பர்மியத்தில் இது இன்னும் சுருக்கமாக இருந்தது,
இன்னும் வலித்தது.

வேரோரம் மோந்தாள்.
"ஆழ்குழாய்த் தண்ணியா?"

ஆறாவது மாடி. குழாய் வாயில்
வெள்ளைத் துணி கட்டியிருக்கிறேன்,
மூன்றாம் நாள் அது தேநீர் நிறம்.
வாளிக்கு உள்ளே செம்மண் வளையம்.
வெள்ளைச் சட்டையை ஆபீசிலேயே துவைத்துக்கொள்கிறேன்.
குடிக்கப் பாட்டில் தண்ணீர்.
தலையை மட்டும்
துருவில் முக்கி முக்கி எடுத்துவிட்டு
குப்பிகளைத் தேடி அலைந்திருக்கிறேன்.

"தயோ கின்புன் போடட்டுமா?" என்றேன்.
சந்தை வாசலில் பையில் கட்டி விற்பார்களே,
மரப்பட்டையும் சீயக்காயும் கொதித்த பழுப்புக் குழகுழப்பு,
அதைச் சொன்னால் திட்டமாட்டாள் என்று நினைத்தேன்.
"நல்ல முடிக்கு நல்லது.
காய்ந்ததை அது இன்னும் காய வைக்கும்."

ஆகவே,
இரும்பை இறக்க ஒரு பொடி, மாதம் ஒரு தடவை மட்டும்.
புரோட்டீன் என்று எழுதியிருக்கும் எதுவும்
மழைக்காலம் முடியும்வரை வேண்டாம்.
ஈரத்துக்கு ஒரு க்ரீம், விலை மலிவு,
டப்பாவில் யார் படமும் கிடையாது.
தோளுக்குக் கீழே கத்தரிக்கோல்.

"அதற்கு மருந்து இல்லையா?"
"செத்ததற்கு வைத்தியம் உண்டா? அலங்காரம்தான் உண்டு."

தரையில் விழுந்த ஒரு முழம் தேன் நிறத்தைப் பார்த்து
வாங்க ஆள் உண்டா என்று கேட்டேன்.
சிரித்தாள். பிளீச் போட்டதை
எடைக்குக்கூட எடுக்கமாட்டானாம்.
கழிவு உளுந்துக்காவது
மாட்டுத் தீவன விலை கிடைக்கும்.

இப்போது வாரத்துக்கு இரண்டு பாட்டில் அதிகம்.
கணக்கில் எந்தத் தலைப்பில் எழுத?
குடிநீர் என்றால் பொய்,
வைத்தியம் என்றால் வீட்டில் பதறுவார்கள்.
'தலைக்கு' என்று எழுதி வைத்தேன்.
ஆளுக்கு இவ்வளவு என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

கார்த்திகையில் ஒருநாள்
மக்வே உளுந்தின் சாம்பிள் பார்க்கக் குனிந்தபோது
தம்ளரில் என் முடி ஒன்று விழுந்தது.
புதிதாய் வளர்ந்தது, கறுப்பு, விரல் நீளம்.
மேலேயே கிடந்தது,
சொத்தைகளோடு சொத்தையாய்.
சிக்கந்தர் பாய் முகம் சுளித்து
எடுத்துப் போட விரல் நீட்டினார்.

"பொறுங்க" என்றேன்.